ஆசிரியர் மாணவரான காலம்

ஐம்பது வயதை எட்டிய ஒருவரை, அவர் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவந்த தொழிலை இனிமேல் வேறொரு மொழியிற் செய்யுமாறு பணித்தால் அவர் நிலை என்னவாகும்? 1953-ஆம் ஆண்டையடுத்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்லூரிகளில் இவ்வினா எழுந்தது. அந்த மொழி அயல்மொழியன்று, அவ்வாசிரியரின் தாய்மொழியே. ஆதலால் அவர் பட்ட இடர் பிறர் கண்ணுக்குப் புலப்படவில்லை. தமிழர் தமிழிற் படிப்பிப்பதற்கு என்ன தடை என்று கேட்பது யாருக்கும் எளிதாயிருந்தது.

தடை இருக்கத்தான் செய்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறந்து, கேத்திரகணிதத்தை ஆங்கிலத்திற் கற்று, இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதி, அம்மொழியிலேயே மாணவருக்கு விளக்கிப் பழகியவர் அவர். வீட்டிலே தமிழ், கோயிலிலே தமிழ், கரும்பலகையின் முன்னே ஆங்கிலம் என்பதே அவர் வாழ்வின் ஒழுங்கு. ஒரு தேற்றத்தை நிறுவும்போது இயல்பாக வந்து விழும் சொற்றொடர்கள் யாவும் ஆங்கிலத் தொடர்கள். அவற்றை எடுத்துவிட்டால், பொருளை நன்கறிந்தவரும் வகுப்பிலே தடுமாறுவார். கால் நூற்றாண்டாகத் தடுமாறாத ஒருவருக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் முன்னே தடுமாறுவது சிறிய காரியமன்று.

இம்மாற்றம் திடீரென வந்ததன்று. 1944-இல் அரசாங்க சபையில் மொழி பற்றிய தீர்மானம் விவாதிக்கப்பட்டு, தமிழையும் சேர்த்துக்கொள்ளும் திருத்தத்தோடு நிறைவேறியது. 1945-இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புக்களிலே தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1953-இல் ஆறாம் வகுப்பு, பின்னர் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறிச் சென்றது. விஞ்ஞானமும் கணிதமும் சில ஆண்டுகள் பிந்தியே இவ்வரிசையிற் சேர்ந்தன. குளத்திலே நீர் படிப்படியாக ஏறுவதைக் கரையில் நின்று பார்ப்பவரைப் போல, மேல்வகுப்பு ஆசிரியர் ஒருவர் தம்மிடம் அது எந்த ஆண்டில் வந்து சேருமென்று விரலை மடக்கி எண்ணிவிடலாம். முதலில் வருவது ஓய்வா, தமிழ் வகுப்பா என்பதே பலருக்குக் கணக்காயிருந்திருக்கும்.

இத்தகைய முயற்சி யாழ்ப்பாணத்துக்கு முற்றிலும் புதிதன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் இங்கு வந்தவர். 1860-ஆம் ஆண்டுகளில், நாற்பதைக் கடந்த வயதிலே, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கத் தொடங்கி, மருத்துவ நூல்களைத் தமிழாக்கியும் வெளியிட்டார். அயல்நாட்டார் ஒருவர் செய்தது இது. ஆனால், அவருக்கு அது தாமே தேர்ந்த வழி. 1953-இன் ஆசிரியருக்கோ விதிக்கப்பட்ட வழி. இவ்வேறுபாட்டை மறந்து ஒருவரைக் காட்டி மற்றவரைக் கடிவது முறையாகாது.

முதலில் வேண்டியவை சொற்கள். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவரும், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவருமான சுவாமி விபுலானந்தர், 1936-இற் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாக 1938-இற் கலைச்சொற்றொகுதி ஒன்று அச்சேறியது. பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. திணிவு, உந்தம், ஆர்முடுகல், ஒட்சிசன், ஐதரசன் என்பன இலங்கைப் பிள்ளைகளின் நாவிலே ஏறின. தமிழ்நாட்டார் முடுக்கம் என்று வழங்குவதை இங்கே ஆர்முடுகல் என்றனர். முதன்முறை கேட்டபோது நகைப்பை விளைத்த சொல்லும், பத்து ஆண்டு பயின்றபின் வேறு சொல் இருக்கக்கூடும் என்ற நினைவையே போக்கிவிட்டது. பழக்கத்தின் வலிமை அத்தகையது.

சொற்றொகுதி கையிலிருந்தால் மட்டும் வகுப்பு நடவாது. வாக்கியம் வேண்டும், தமிழின் போக்கு வேண்டும். அதனை அறிந்தவர் அடுத்த நாற்காலியிலேயே இருந்தார்: கல்லூரியின் தமிழ்ப் பண்டிதர். ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் தேர்விலே தேறியவர்; திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றவர். ஆங்கில ஆசிரியரைக் காட்டிலும் சம்பளம் குறைந்தவர். ஆசிரியர் கூடத்திலும் சற்று ஒதுங்கியே இருந்தவர். இப்போது விஞ்ஞானப் பட்டதாரி அவரை நாடிச் சென்று, இதனை எப்படிச் சொல்வது ஐயா என்று கேட்க வேண்டியதாயிற்று. பொருளை அறிந்தவருக்குச் சொல் இல்லை. சொல்லை அறிந்தவருக்குப் பொருள் பழக்கமில்லை. இருவரையும் ஒரு மேசையின் இருபுறத்திலும் அமர்த்துவதே அன்றைய அதிபரின் முதற்கடன். கேட்பவருக்கு அது தாழ்வாகத் தோன்றாமலும், கேட்கப்பட்டவருக்கு அது பழிதீர்க்கும் வாய்ப்பாக மாறாமலும் பார்த்துக்கொள்வது அதனினும் பெரிய கடன். அறிவித்தற் பலகையிலே ஒரு தாளை ஒட்டிவிட்டு இதனைச் சாதிக்க இயலாது. முதியவரை அழைத்து, எந்த வகுப்பை எப்போது எடுக்கலாம், எதற்கு அஞ்சுகின்றீர்கள் என்று கேட்டு அறிந்தபின் நேரசூசியைப் போடுகின்ற அதிபரும் உண்டு. நேரசூசியைப் போட்டபின் அழைக்கின்ற அதிபரும் உண்டு.

1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த ஹண்டி பேரின்பநாயகம் இங்கே நினைக்கத்தக்கவர். 1899-இற் பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்ற அவர், 1924-இல் மாணவர் காங்கிரஸைத் தொடங்கியவர்களுள் முன்னின்றவர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கமே 1927-இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. தேசிய மொழிகளுக்கு உரிய இடம் வேண்டுமென்று அது வற்புறுத்தியது. ஆகவே, ஐம்பதாவது வயதில் அதிபர் பதவியேற்ற அவருக்கு இம்மாற்றம் கொழும்பிலிருந்து வந்த கட்டளையன்று. இளமையில் வேண்டி நின்றதன் நிறைவேற்றம். ஆங்கிலத்தை ஆண்ட ஒருவரே தமிழிற் கற்பியுங்கள் என்று சொல்லும்போது, ஆங்கிலம் வராதவர் சொல்லும் சொல்லென அதனை ஒதுக்க எவராலும் இயலாது.

இதே ஆண்டுகளில் குடாநாட்டின் வேறொரு வகுப்பாரும் மொழிமாற்றத்துக்கு ஆளாயினர். அவர்கள் அரசாங்க எழுதுவினைஞர். 1956-இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், ஆங்கிலத்திற் சேவைக்குட் புகுந்த தமிழ் அலுவலரைச் சிங்களத் தேர்விலே தேறுமாறு பணித்தனர். 1961-இல் வந்த திறைசேரிச் சுற்றுநிருபம் அதனைச் சம்பள ஏற்றத்தோடு பிணைத்தது. தேர்வுக்குத் தோற்றாத செ. கோடீஸ்வரன் என்ற அலுவலருக்கு 1962-இல் ஏற்றம் நிறுத்தப்பட்டது, அவர் வழக்காடினார். 1964-இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; 1967-இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது; 1969-இற் கோமறைக் கழகம், அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்குத் தொடரலாம் என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவைத் தீர்க்காமலே விட்டது. ஆசிரியருக்கு மாற்றம் தம் மொழிக்குத் திரும்புவதாக வந்தது. ஆண்டுக்கு ஒரு படியாக வந்தது. பக்கத்திலே பண்டிதர் இருந்தார். எழுதுவினைஞருக்கு அது பிறர்மொழியிலே தேர்வாக வந்தது. தவறினாற் சம்பளத்திலே கை வைத்தது. இரண்டும் வயதுவந்தோரைப் படிக்கச் சொன்னவைதாம். ஒன்றிலே தளர்ச்சியும் முணுமுணுப்பும் இருந்தன. மற்றதிலே தீராத மனக்கசப்பு விளைந்தது.

1960, 1961-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் பொறுப்பிற் சென்றன. முகாமையாளரோடு நேரிற் பேசி முடிவுகண்ட அதிபர், சுற்றுநிருபத்தைப் பார்த்து நடக்கும் அலுவலரானார், இடமாற்றத்துக்கும் உரியவரானார். அச்சுற்றுநிருபங்கள் எந்த மொழியில் வந்தன என்பது தனிக்கதை. 1960-இலே தமிழ்மூலம் கற்ற மாணவர் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தை அடைந்தபோது, அவர்களை ஆறாம் வகுப்பிலே தமிழிற் பயிற்றிய முதிய ஆசிரியர் சிலர் ஓய்வுபெற்றிருந்தனர்.

2001-இல் உயர்தர விஞ்ஞான வகுப்புக்களை ஆங்கிலத்திலும் நடத்த அரசாங்கம் இடமளித்தது. அப்போது ஐம்பதை அணுகியிருந்த ஆசிரியர்கள், ஆறாம் வகுப்பு முதல் எல்லாவற்றையும் தமிழிற் கற்றவர்கள். ஆர்முடுகலுக்கு ஆங்கிலத்திலே என்ன சொல் என்பதை அவர்கள் அறிவார்கள். அச்சொல்லை வைத்து நாற்பது நிமிடம் பேசுவதற்குத்தான் இப்போது யாரிடமாவது கேட்க வேண்டும்.