நெருப்பு மூட்டத் தெரியும், அணைக்கத் தெரியுமா?

நான் திருத்தணியிலிருந்து பேசுறேன். டிசம்பர், ஜனவரி வந்தா சென்னையிலிருந்து நிறைய பேர் இந்தப் பக்கம் வண்டியை எடுத்துட்டு வர்றாங்க. காலையில முருகனைப் பார்த்துட்டு, நகரி, நாகலாபுரம்னு மலைப்பக்கம் போய், ராத்திரி ஒரு கேம்ப்ஃபயர் போடணும்னு ஆசை. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு குளிர்காயறது. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல் கேள்வி, எங்க மூட்டறது? காப்புக்காட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டு வனச் சட்டம் 1882-லிருந்தே இருக்கு, காப்புக்காட்டுக்குள்ள நெருப்பு வைக்கறது அதுல குற்றம். "ஆந்திரா பக்கம் போயிட்டா?" அங்கேயும் அதே கதைதான். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துலதான் இருந்தது. கோடு மாறுச்சு, காஞ்ச புல்லு மாறல.

காஞ்ச புல்லுன்னு சும்மா சொல்லல. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவங்களைக் காட்டுத்தீ சூழ்ந்துச்சு. இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க, பலர் நம்ம வயசுக்காரங்க. சரிவுல தீ மேல்நோக்கி ஓடும்போது, சுவாலை முன்னாடி இருக்கற புல்லைத் தொடறதுக்கு முன்னாலேயே அதைச் சூடாக்கிக் காய வெச்சுடும். அதனால சமதரையைவிட ரொம்ப வேகமா ஏறும். மனுஷனால ஓடி ஜெயிக்க முடியாது. அந்த விபத்துக்கு அப்புறம்தான் மலையேற்றத்துக்குன்னு தனி விதிகளே வந்துச்சு.

சரி, அப்போ எங்க? தெரிஞ்சவங்க நிலம், அவங்க அனுமதியோட. அறுவடை முடிஞ்சு உழுது போட்ட வயல் அருமையான இடம். மாந்தோப்புன்னா மரத்தடி கூடாது. கீழே சருகு மெத்தை மாதிரி கிடக்கும், அதுக்குள்ள தணல் புகுந்தா வெளியே தெரியாமலே கனிஞ்சுக்கிட்டு இருக்கும். மேல கிளை இல்லாத இடமா பாருங்க. சுத்தி மூணு மீட்டர் அகலத்துக்கு சருகு, புல் எல்லாம் வழிச்சு, மண்ணு தெரியணும். நடுவுல ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. தோண்டின மண்ணைப் பக்கத்துலேயே குவிச்சு வைங்க. ரெண்டு குடம் தண்ணி வந்த பிறகுதான் தீப்பெட்டியை வெளியே எடுக்கணும்.

சுத்தி கல்லு வைக்கறீங்களா? ஓடையிலிருந்து எடுத்த ஈரக் கல்லு வேண்டாம். உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி, கல்லு வெடிச்சுத் தெறிக்கும்.

விறகு மூணு அளவுல வேணும். தீக்குச்சி கனத்துல சுள்ளி, விரல் கனத்துல குச்சி, மணிக்கட்டு கனத்துல கட்டை. ஒடிச்சா 'மடக்'னு சத்தம் வரணும். வளைஞ்சா அது ஈரம். பத்த வைக்க தேங்காய் நார், காஞ்ச தென்னம்பாளை போதும், ஒரு விராட்டித் துண்டு கிடைச்சா இன்னும் நல்லது. நின்னு எரியறதுக்கு சீமைக்கருவேலம்தான். ஊரே திட்டுற மரம், ஆனா தணலுக்கு அதை அடிச்சுக்க ஆளில்லை. முள்ளை மட்டும் பார்த்துக்குங்க. அரளிக் குச்சியைத் தொடவே தொடாதீங்க, அதோட புகையே விஷம்.

நாரைச் சுத்தி சுள்ளியைக் கூம்பு மாதிரி சாய்ச்சு வைங்க. காத்து வர்ற பக்கம் கொஞ்சம் வாசல் விடுங்க, அந்தப் பக்கமிருந்தே பத்த வைங்க. நல்லா பிடிச்சதும் குச்சி, அப்புறம் கட்டை. புகை அதிகமா வந்தா ஒண்ணு விறகு ஈரம், இல்லன்னா நெருக்கி அடுக்கிட்டீங்க. அவசரப்பட்டு பைக்கிலிருந்து பெட்ரோல் எடுக்கற நண்பர் ஒருத்தர் எல்லா குரூப்லயும் இருப்பார், அவரைப் பிடிச்சு உட்கார வைங்க. எரியறது பெட்ரோலோட ஆவி. அது நீங்க ஊத்தின இடத்துல மட்டும் நிக்காது, ஊத்தற கை வரைக்கும் தாவும்.

இடுப்பு உயர சுவாலை எதுக்குங்க? முழங்கால் உயரம் போதும், நெருங்கி உட்காரலாம். பகல்ல மலையடிவாரத்துக் காத்து மேல ஏறும், பொழுது சாய்ஞ்சா மலையிலிருந்து கீழ இறங்கும். அதனால அஞ்சு மணிக்குப் பார்த்த திசையை நம்பி ஒன்பது மணிக்கு உட்காராதீங்க. பலமா அடிச்சா அன்னைக்கு நெருப்பே வேண்டாம், போர்வை இருக்கு.

இப்போ அணைக்கறது. நிறைய பேர் மேல மண்ணைத் தள்ளிட்டுப் படுக்கப் போயிடறாங்க. மண்ணுக்கு அடியில தணல் மணிக்கணக்கா உயிரோட இருக்கும். காலையில யாராவது வெறுங்காலோட மிதிப்பாங்க, மாடு மிதிக்கும். படுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே விறகு போடறதை நிறுத்துங்க. தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு ஊத்துங்க, மொத்தமா கொட்டினா கொதி சாம்பல் முகத்துல அடிக்கும். குச்சியால கிளறுங்க, திரும்ப ஊத்துங்க. 'சுர்'ங்கற சத்தம் நிக்கணும். அப்புறம் புறங்கையைக் கிட்ட கொண்டு போய்ப் பாருங்க. சூடு தெரிஞ்சா இன்னும் ஒரு குடம். எல்லாம் ஆறின பிறகு, தோண்டின மண்ணை விடிஞ்சதும் போட்டு மூடலாம்.

அந்த ரெண்டு குடத்துல ஒண்ணுல கை கால் கழுவாதீங்க, மக்களே. அது நெருப்போட தண்ணி. அடுத்த எபிசோடுல டென்ட்டை எங்க போடக்கூடாதுன்னு பேசலாம்.