கோயிற்காடும் கொறங்காடும்



விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவிலை ஒட்டி, 2003 முதல் தொண்டர்கள் ஒரு குடும்பம்போல் கூடி வாழ்ந்து வளர்த்துவரும் ‘சாதனா பாரஸ்ட்’ என்னும் எழுபது ஏக்கர் வனத்தைக் கண்டு வந்தேன். அதன் சாரத்தை உங்கள் முன் வைப்பதே என் கடமை. 1968இல் ஆரோவில் தோன்றிய நாளில் அந்தச் செம்மண் மேடு பெரும்பாலும் விருட்சமற்று வறண்டு, மழைக்கு மழை மண்ணை இழந்து, ஆழ்ந்த பள்ளங்களாய்ப் பிளந்து கிடந்தது. ஆகையால் சாதனா பாரஸ்டில் நடப்படுவது முதலில் மரமன்று, வரப்பு! சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, குழி வெட்டி, வானம் தந்த நீரை நின்ற இடத்திலேயே நிலத்துக்குள் இறக்கிய பிறகுதான் கன்றுக்குக் குழி எடுக்கிறார்கள். கன்றின் அருகே, எறிந்துவிட்ட பாட்டிலில் நீர் நிரப்பித் துளையில் பருத்தித் திரி செருகி, அத்திரி வழியே வேருக்கு ஈரம் கசியச் செய்கிறார்கள். அத்தகைய திரிக்கு நம் வீரபாண்டியில் பஞ்சமுண்டா? பனியன் கம்பெனி வேஸ்ட் மூட்டை மூட்டையாய்க் கிடக்கிறதே!

எந்த மரத்தை நடுவது என்ற வித்தையை ஆரோவில் பிரதேசத்தார் அடைந்த வழி அதைவிட ரசமானது. தொடக்க காலத்தில் விரைவில் வளரும் அயல்நாட்டு வேல மரங்களை நட்டு நிழலும் விறகும் பெற்றார்கள். பின்னர், அந்த மண்ணின் பூர்வீக மரங்கள் எவையென்று தேடியபோது, புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு போன்ற காடுகள்தாம் அவர்களுக்கு ஆசான்களாயின. தெய்வத்துக்கு அஞ்சி எவரும் கோடரி வைக்காத அந்த இடங்களிலிருந்து வீரையும் கருங்காலியும் பாலையும் விதையாய் வந்து வனமாய் விரிந்தன. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அந்தக் கரையைத் தாக்கியபோது, அயல் வேல மரங்கள் பெருவாரியாக வேரோடு சாய்ந்தன. மண்ணுக்குரிய மரங்களோ பெரும்பாலும் நிலைத்து நின்றன. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாய்க் காத்த பக்தியின் பயனை அதைவிடப் பிரத்தியட்சமாய் யார் காட்ட முடியும்?

ஆயினும், அங்குள்ள மரங்களையே இங்கே கொண்டுவந்து நடுவோம் என்று யாரேனும் சொன்னால், அதை நான் ஒப்பமாட்டேன். கடலோர மழை வேறு. மேற்கு மலையின் மழை மறைவில், கணவாய்க் காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகும் நம் நிலம் வேறு. நமக்கேற்ற ஆசான் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சற்காடு. முள்கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேலும் வளர்த்து, ஒரு காட்டுப் புல் ஒட்ட மேயுமுன் மாட்டையும் ஆட்டையும் அடுத்த காட்டுக்கு மாற்றி, கோடையில் உதிரும் வேலங்காயைத் தீனியாக்கி, முற்றிய மரத்தை மட்டும் வெட்டி இளமரத்தை விட்டுவைத்து, எடுத்தும் குறையாத சம்பத்தாக நிலத்தைப் பாதுகாத்த அந்த முறையை நம் பாட்டன்மார் எந்தக் கல்லூரியில் கற்றார்கள்? அது குடும்பங்களின் தனி உடைமைதான், பொதுக்காடன்று. ஆனால் அந்த அறிவு இன்னும் ஊருக்குப் பொதுவாகவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். ஏனெனில், சாயப்பட்டறைக் கொதிகலன்களில் நாள்தோறும் விறகு எரிக்கும் தொழில் நம்முடையது. அந்த விறகு எந்தக் காட்டில் விளைந்தது, வெட்டிய இடத்தில் மீண்டும் தழைத்ததா என்று கேட்கும் கடமையும் நம்முடையதே. சாயக்கழிவுக்கு நொய்யல் ஆற்றை இழந்து வருந்திய ஊர் இதை இன்னும் தள்ளிப்போடலாகாது.

ஆகவே இந்தச் சபையின் முன் ஒரு விண்ணப்பம். வீரபாண்டியைச் சுற்றியுள்ள பொது நிலத்தில் ஒரு துண்டை ஊரார் கூட்டாக ஏற்று, முதற்கண் வரப்பும் குழியும் போட்டு, மழைக்கு முன் கிளுவைப் போத்து ஊன்றி வேலி அமைப்போம். நம் பள்ளிப் பிள்ளைகள் காங்கேயத்துப் பெரியவர்களிடம் நோட்டும் பென்சிலுமாகப் போய், எந்த மாதத்தில் எந்தப் புல் விதை முற்றும், எந்த வயதில் வெள்வேலை வெட்டலாம் என்று கேட்டு எழுதி வரட்டும். பிள்ளைகளுக்கு வண்டி ஏற்பாடு செய்ய முன்வருவோர், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.