பசுமைச் சங்கிலியில் நமது கண்ணி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தூய எரிசக்தி என்றதும் நம் கண்முன் வருவது கடலில் சுழலும் காற்றாலையும் சத்தமின்றி ஓடும் மின்சாரக் காரும்தான். இவற்றைச் சுழல வைக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுதான் காந்தம். பெரும்பாலான மின்சாரக் கார்களின் மோட்டாரில் ஒன்றிரண்டு கிலோ காந்தம் இருக்கிறது. கடலில் நிறுவப்படும் பெரிய காற்றாலைகள் பலவற்றில் அது டன் கணக்கில் இருக்கிறது. நியோடிமியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அரிய மண் உலோகங்கள் சேர்ந்தால்தான் அந்தக் காந்தத்துக்கு வலு.

பெயரில்தான் 'அரிய'. உண்மையில் இவை மண்ணில் பரவலாகக் கிடைக்கின்றன. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தெடுப்பதுதான் கடினம். அந்த வேலையில் சுமார் 90 விழுக்காடு சீனாவில் நடக்கிறது. ஊருக்கு ஒரே கிணறு என்றால் கிணற்றுக்காரர் வைத்ததுதானே சட்டம்?

2010-இல் ஜப்பான் இதை அனுபவித்தது. கிழக்குச் சீனக் கடலில் ஒரு சீன மீன்பிடிப் படகு, ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. படகின் தலைவரை ஜப்பான் கைது செய்தது. அதன்பின் சீனாவிலிருந்து வரவேண்டிய அரிய மண் சரக்கு தேங்கியது. தடை ஏதும் இல்லை என்றது பெய்ஜிங். ஆனால், சரக்கு வரவில்லை.

ஜப்பான் புலம்பிக்கொண்டு நிற்கவில்லை. கையிருப்பைச் சேர்த்தது, குறைந்த உலோகத்தில் காந்தம் செய்யும் வழியைத் தேடியது, பழைய பொருள்களிலிருந்து உலோகத்தை மீட்டது, வேறு மூலத்துக்கும் பணம் போட்டது. 2011-இல் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 250 மில்லியன் அமெரிக்க டாலர் போனது. சுமார் 90 விழுக்காடாக இருந்த சீனச் சார்பு, பத்தாண்டுகளில் 60 விழுக்காட்டளவுக்கு இறங்கியது.

அந்த லைனாஸ் தாதுவைத் தோண்டுவது மேற்கு ஆஸ்திரேலியாவில். பிரித்தெடுப்பதோ நம் பகாங் மாநிலத்தில், குவாந்தானுக்கு அருகே கெபெங்கில். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் உலோகங்களின் ஏற்றுமதிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. காந்தம் கிடைக்காமல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் ஒரு தொழிற்சாலையைச் சில நாள்கள் நிறுத்தியது. அடுத்த மாதமே, கெபெங்கில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு தயாரானதாக லைனாஸ் அறிவித்தது. உலகமே தேடும் ஒரு கண்ணி நம் நாட்டில் இருக்கிறது. பெருமைப்படலாம்.

ஆனால் நேயர்களே, அந்தத் தாதுவோடு தோரியமும் வருகிறது. உலோகத்தை எடுத்த பிறகு கதிரியக்கமுள்ள கழிவு இங்கே தங்குகிறது. 2012-இல் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் வரை மக்கள் நடந்தே வந்து எதிர்ப்புத் தெரிவித்தது இதனால்தான்.

அந்த அச்சத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1980களில் ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலை இயங்கியது. பிள்ளைகளின் உடல்நலம் கெடுகிறது என்று சுற்றுவட்டார மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1992-இல் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கில் வென்றது நிறுவனம். ஆனாலும் 1994-இல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பிறகு கழிவைத் துப்புரவு செய்யவே சுமார் 100 மில்லியன் அமெரிக்க டாலர் செலவானது.

இதில் பெரிய பாடம் இருக்கிறது. சங்கிலி அறுவதற்கு வெளிநாட்டுத் தடைதான் வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கை போனாலும் அறுந்துவிடும். சட்டத்தின் அனுமதி ஒரு தொழிற்சாலையைத் திறக்கலாம். ஊரின் சம்மதம்தான் அதை நிலைக்க வைக்கும்.

பதப்படுத்தாத அரிய மண்ணை ஏற்றுமதி செய்வதற்கு 2024-இல் நம் அரசு தடை விதித்தது. பதப்படுத்தும் வேலை இங்கேயே நடக்கட்டும் என்பதுதான் நோக்கம். நல்லது. அப்படியானால் புதிய ஆலைகள் வரும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கழிவு எங்கே போகும்? அளவீடுகளை ஊர்மக்கள் பார்க்க முடியுமா? நிறுவனம் போன பின்னும் துப்புரவுக்குப் பணம் இருக்குமா? இதைக் கேட்பவர்களை வளர்ச்சிக்கு விரோதிகள் என்று சொல்லிவிடாதீர்கள். சங்கிலியைக் கெட்டியாக்குகிறவர்களே அவர்கள்தான்.