பின்னால் கட்டிய சேலை

(நூற்றாண்டு விழாப் படக்காட்சித் திறப்பில் ஆற்றிய உரை)



இங்கே தொங்கும் படங்களையெல்லாம் வெள்ளைப் பின்னணிக்கு மாற்றுவதென்றே மலர்க்குழுவினராகிய நாங்கள் முதலில் தீர்மானித்தோம். பார்க்க ஒரு சீராக இருக்கும் என்பது எங்கள் எண்ணம். கணினியில் உருவங்களை வெட்டவும் தொடங்கிவிட்டோம். மூன்றாவது படத்தில் ஒரு அக்கா தடுத்தார். "அந்தச் சேலைய வெட்டிப்போடாதீங்க. அது எங்கட அம்மாட. சூறாவளியோட போன சேலை."

1978 நவம்பர் சூறாவளியைத்தான் சொன்னார். வீட்டோடு எல்லாம் போக, சின்னம்மா வீட்டிலிருந்த இந்தப் படம் மட்டும் தப்பியது. வேலிக்கு முன்னால் பூப்போட்ட சேலையைத் திரையாகக் கட்டி, பூப்போட்ட சட்டையோடு பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்கள். சட்டை எங்கே முடிகிறது, சேலை எங்கே தொடங்குகிறது என்று சட்டெனத் தெரியாது. பூவில்லாத இடம் முகமும் கைகளும்தான். அதனால் கண் நேரே அங்கே போகிறது.

மாலி நாட்டின் பமாக்கோவில் 1948இல் ஸ்ரூடியோ திறந்த செய்டு கெய்ட்டா உலகப்புகழ் பெற்றது இத்தகைய படங்களால்தான். அவரது முதல் திரை அவருடைய படுக்கை விரிப்பு! சில வருடங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றுவார். பிற்காலத்தில் எந்தப் படம் எந்தக் காலத்தது என்று அவர் கண்டுபிடித்ததும் அந்தத் துணிகளை வைத்துத்தான். வெட்டியிருந்தால் நாங்களும் காலத்தையே வெட்டியிருப்போம்.

நம்மவர்களும் இதில் குறைந்தவர்கள் அல்ல. சாமத்தியச் சடங்குப் படத்தில் பிள்ளைக்குப் பின்னால் கண்ணாடி வைத்து, முகத்தையும் பூச்சடையையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்களே! அந்தப் படத்துக்காகக் கழுத்து நோக இருந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள்.

இன்றைய கலைஞர்களில் கௌரி கில்லும் ராஜேஷ் வன்காட்டும் சேர்ந்து செய்தவை எங்களுக்கு வழிகாட்டின. மகாராஷ்டிராவின் கஞ்சாட் கிராமத்தில், 2013 முதல், கில் வன்காட்டை அவருடைய ஊர் நிலத்தில் நிறுத்திப் படமெடுத்தார். வன்காட் அந்தப் படங்களின் மேலேயே மையினால் வார்லி ஓவியம் தீட்டினார். வெறும் வானமாகவும் தரையாகவும் தெரிந்த இடங்களில் ஊரின் கதைகள் நிறைந்தன. கமராவுக்கு அகப்படாததை அந்த ஊர்க்காரரின் கை கொண்டுவந்தது.

அடையாள அட்டைப் படம் மட்டுமே மிஞ்சிய மாணவியருக்கு நாங்களும் அப்படியொன்றைச் செய்து பார்த்தோம். அந்தப் படங்களில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. அவர்களுடைய குடும்பத்தாரிடம் ஒரு துண்டுத் துணி கேட்டோம். சேலைக் கரை, தாவணி, தலையணை உறை எல்லாம் வந்தன. படத்தைப் பெருப்பித்து அந்தத் துணியில் ஒட்டி, சிலவற்றில் ஓரத்தைத் துணிக்கு மேலாகக் கையால் தைத்தோம். முகத்தில் மட்டும் ஊசி படவில்லை. ஒரு தாய் தன் மகளின் பாடசாலைச் சீருடையைத் தந்தார். வெட்ட மனம் வரவில்லை. முழுதாகவே விரித்து, அதன்மேல் படத்தை வைத்திருக்கிறோம்.

வாசலருகே உள்ள படத்தைச் சுற்றி வெறும் கடதாசிதான். பல தடவை இடம்பெயர்ந்த குடும்பம். துணி எதுவும் மிஞ்சவில்லை. அவரோடு படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், அவர் உடுத்த ஒரு சட்டையின் நிறமோ பூவோ நினைவிருந்தால், தேநீர் வேளையில் எங்களிடம் சொல்லுங்கள். ஊசியும் நூலும் மேசையில் இருக்கின்றன.