பொரி மூட்டை போல ஒரு கிரகம்

(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன்; படித்தது பி.காம். இவருக்கு எதற்கு வானியல் என்று கேட்பீர்கள். இன்று சொல்லப்போவது ஒரு வகுத்தல் கணக்குதான். அது எனக்குத் தெரியும்.

பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றையும், அதே அளவுள்ள பொரிப் பை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். பார்வைக்கு ஒரே பருமன். தூக்கினால்தான் வித்தியாசம் புரியும். எடையைப் பருமனால் வகுத்தால் வருவது அடர்த்தி. தண்ணீருக்கு அது கன சென்டிமீட்டருக்கு 1 கிராம். பூமிக்கு 5.5, வியாழனுக்கு 1.33, சனிக்கு 0.69.

சனியையும் மிஞ்சிய ஒரு பொரி மூட்டையை 2021-இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பெயர் டிஓஐ-1789பி. 725 ஒளியாண்டு தூரத்தில் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றுகிற வாயுக் கிரகம். கண்டுபிடித்தது அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் அபிஜித் சக்ரவர்த்தி தலைமையிலான குழு.

நேரில் பார்க்க முடியாத கிரகத்தை எப்படி எடை போடுவது? இதற்கு இரண்டு தனித்தனிப் பதிவுகள் வேண்டும். நட்சத்திரத்தின் குறுக்கே கிரகம் போகும்போது வெளிச்சம் துளி மங்கும். அதை நாசாவின் டெஸ் செயற்கைக்கோள் கவனித்தது. அதிலிருந்து பருமன் தெரிகிறது. கிரகத்தின் இழுப்பில் நட்சத்திரமும் லேசாக முன்னும் பின்னும் ஆடும். அபு மலையிலுள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கியில் 'பராஸ்' என்ற கருவியைப் பொருத்தி, 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை அந்த ஆட்டத்தை அளந்தார்கள். அதிலிருந்து எடை தெரிகிறது. வரவு, செலவு இரண்டும் தெரியாமல் இருப்புச் சொல்ல முடியாதல்லவா?

கணக்கு இதுதான். வியாழனோடு ஒப்பிட்டால் எடை 70 சதவீதம். விட்டம் சுமார் 1.4 மடங்கு, அதாவது பருமன் ஏறக்குறைய மூன்று மடங்கு. வகுத்தால் அடர்த்தி 0.3 சொச்சம். சனியில் பாதிகூட இல்லை.

ஏன் இப்படி உப்பியிருக்கிறது? சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைக் கடலூர்–சிதம்பரம் தூரமாக வைத்துக்கொண்டால், இந்தக் கிரகம் தன் நட்சத்திரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. 3.2 நாளில் ஒரு சுற்று. வெப்பம் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ். சூட்டில் வாயு விரிகிறது. ஆனால் மேலே விழும் சூடு எப்படி உள்ளே ஆழம்வரை இறங்குகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

2024-இல் அறிவிக்கப்பட்ட வாஸ்ப்-193பி கிரகத்தின் அடர்த்தி இதைவிடக் குறைவு: 0.059 மட்டுமே. பஞ்சு மிட்டாய் என்றே அதை வர்ணித்தார்கள். அது ஏன் அவ்வளவு லேசு என்பதை வெறும் சூட்டை வைத்து விளக்க முடியவில்லை.

இவை தண்ணீரில் மிதக்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும். லேசு என்பதைப் புரியவைக்க அப்படிச் சொல்கிறார்கள்; அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. இவை மேலிருந்து கீழ்வரை பெரும்பாலும் வாயு.

உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் பத்து மீட்டர் அகலம் கொண்டவை. இவர்கள் பயன்படுத்தியது 1.2 மீட்டர்தான். அதை வைத்தே பல மாதம் பொறுமையாக அளந்து இதைச் சாதித்திருக்கிறார்கள். வானியல் படிக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வியாழனும் சனியும் தெரியும் மாதங்களில், வாரம் ஒரு நாள் மொட்டைமாடி விளக்குகளை அரை மணி நேரம் அணைக்கச் சங்கம் அனுமதிக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.