பாட்டி மடியா, பதினான்கு நாள் பட்டியலா?



நடுவர் அவர்களே, கடையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தாய்க்குக் கைகொடுப்பது பாட்டி மடிதான் என்று எதிரணி நண்பர் பேசி முடித்தபோது அரங்கமே கைதட்டியது. தட்ட வேண்டியதுதான். பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டி, கால் கழுவிவிட்டு, காய்ச்சல் கண்டால் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் அந்தக் கைகளுக்கு எத்தனை தட்டினாலும் தகும். இந்த அணி பாட்டிக்கு எதிராக வாதாட வரவில்லை. "அதான் வீட்டுல பெரியவங்க இருக்காங்களே" என்று சொல்லிக் கடை தன் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதை எதிர்த்து வாதாட வந்திருக்கிறது. கேட்பது ஒரு தாள். அடுத்த பதினான்கு நாளில் யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு என்றைக்கு வீக் ஆஃப் என்று எழுதி, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவைக்கும் ஒரு தாள்.

ஒரு தாளால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இரவு ஒன்பதரை மணிக்கு மாம்பலம் ரயில் நிலையத்துக்கு வந்து பார்க்க வேண்டும். ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை முடித்த பெண்கள் படியேறும் நேரம் அது. பலருக்கு, காலையில் லாக்கரில் வைத்த செல்போன் அப்போதுதான் கைக்கு வந்திருக்கும். தாம்பரம் வண்டிக்காக நிற்கும் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். வீட்டில் மூன்று வயதுப் பையன், நான்காம் வகுப்புப் படிக்கும் பெண். நாளைக்கு அவளுக்கு மதிய ஷிப்ட். அதை நம்பி, "காலையில நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர் மாத்திரை வாங்கிட்டு வந்துடுங்க அத்தை" என்று மாமியாரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். போனைத் திறந்தால் கடையின் வாட்ஸ்அப் குழுவில் சூப்பர்வைசர் போட்ட ஒரு வரி கிடக்கிறது: "நாளைக்கு நீ மார்னிங்."

அந்த ஒரு வரியால் மாமியாரின் மாத்திரை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போகிறது. இல்லாவிட்டால், போன வாரம்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவிடம் மறுபடியும் போய் நிற்க வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் நான்காம் வகுப்புப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தம்பியோடு வீட்டில் உட்காருகிறாள். நண்பர் போற்றிய பாட்டி அதே வீட்டில்தான் இருக்கிறார், மடியும் இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு அந்த மடி வேண்டும் என்பதுதான் அவருக்கும் தெரியவில்லை, மருமகளுக்கும் தெரியவில்லை.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறையும் கொடுத்தது. ஆனால் இடைவேளைகளையும் சேர்த்தால் ஒரு நாளின் வேலை 12 மணி நேரம் வரை நீள அதே சட்டம் இடம் தருகிறது. கடையின் கணக்கில் அவள் 8 மணி நேரம் வேலை பார்க்கிறாள். பிள்ளையின் கணக்கில் அம்மா 12 மணி நேரம் வீட்டில் இல்லை. ரயிலும் பஸ்ஸும் அதற்கு மேல்.

பிறகு 2019-இல் ஓர் அரசாணை வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் ஆண்டின் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்றது. 2022-இல் அது நீட்டிக்கப்பட்டது. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க வேண்டுமென்றால் அவர்களிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. நல்ல நிபந்தனைதான். ஆனால் எந்தெந்த இரவு என்றே தெரியாமல் ஒரு தாய் கொடுக்கும் சம்மதம், வெற்றுத் தாளில் போடும் கையெழுத்து மாதிரி.

கடையின் நேரம் இப்படி நீண்டுகொண்டே போனது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களின் நேரம் நீளவில்லை. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. முட்டை, மதியச் சாப்பாடு, பாட்டு, தூக்கம் என்று அவை செய்யும் தொண்டை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அங்கன்வாடி பூட்டப்பட்டுவிடும், ஜவுளிக்கடையில் கூட்டம் சேர்வதோ அதற்குப் பிறகுதான். தனியார் காப்பகமோ மாதத்துக்கு இவ்வளவு, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று பேசித்தான் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும். 'நாளைக்குக் காலையில் மட்டும்' என்று இரவு பத்து மணிக்கு அங்கே இடம் கேட்க முடியாது. தன் ஷிப்ட் தெரியாத தாய் முழு நாளுக்குப் பணம் கட்டி, பாதி நாளைப் பயன்படுத்துகிறாள். அல்லது சேர்க்காமலே விட்டுவிடுகிறாள்.

ஒரு நேரம் உறுதியாக இருந்தால் குடும்பம் எப்படி நிமிர்ந்துவிடுகிறது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் பொங்கலோ, உப்புமாவோ, கிச்சடியோ சூடாகக் கிடைக்கிறது. பள்ளி நாள் என்றால் சாப்பாடு உண்டு என்று தாய்க்குத் தெரியும். அதனால்தான் அவள் அதை நம்பிக் காலை ஷிப்டுக்கு ஓட முடிகிறது. அந்தச் சாப்பாடு கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும் என்றிருந்தால், அவள் விடியற்காலையில் எழுந்து எப்படியும் அடுப்பைப் பற்றவைத்திருப்பாள்.

கடைக்குள்ளேயே காப்பகம் வைத்தால் போதாதா என்று நண்பர் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டுப் போனார். வைக்கட்டும், இந்த அணியும் அதற்காகக் குரல் கொடுக்கும். மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்த்துவரலாம் என்றது. பேறுகால விடுப்பையும் 26 வாரமாக்கியது. இருக்கட்டும். 27-ஆவது வாரத்தில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் அரசு ஊழியரான தாய்க்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. பில்லிங் கவுண்டரில் நிற்கும் தாய்க்கு ஆறு மாதம் முடிந்ததும் ஷிப்ட் தொடங்கிவிடுகிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ரயில் மாறி வந்து கடைக் காப்பகத்தில் விடுவதா, வீட்டுப் பக்கத்திலேயே விடுவதா என்று முடிவெடுக்கவும் அவளுக்குத் தன் நேரம் முன்னதாகத் தெரிந்தாக வேண்டும்.

இனி எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருவோம். "கூட்டம் எப்போ வரும்னு கடைக்காரருக்கே தெரியாது, பதினான்கு நாளுக்கு முன்னாலேயே எப்படிப் பட்டியல் போடுவார்?" என்று கேட்டார்கள்.

தெரியாதா? தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கா? சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாள் அத்தனையும் வருஷப் பிறப்புக்கு முன்பே அச்சாகி வந்துவிடுகிறது. தீபாவளி என்றைக்கு, ஆடி பிறப்பது என்றைக்கு, அட்சய திருதியை எந்தக் கிழமை, பள்ளிக்கூடம் திறப்பது எந்த வாரம், எல்லாம் மாதக்கணக்கில் முன்னதாகத் தெரியும். மாதத்தின் முதல் வாரத்தில் சம்பளப் பணம் புழங்கும் என்பதும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிற்க இடமிருக்காது என்பதும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே ஒரு சேல்ஸ் கேர்ளுக்கு மனப்பாடம். ஆடித் தள்ளுபடிக்கு எத்தனை பட்டுச் சேலை, எத்தனை சுடிதார் வேண்டும் என்று சூரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் முன்கூட்டியே ஆர்டர் போடத் தெரிந்த நிர்வாகம் அது. சேலையின் வரவைக் கணிக்க முடிந்தவர்களால் அதை விரித்துக் காட்டும் பெண்ணின் வரவையும் கணிக்க முடியும்.

ஷிப்ட் நேரத்தை நிலைப்படுத்தினால் கடைக்கு என்ன ஆகும் என்று அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 'கேப்' என்ற துணிக்கடை நிறுவனத்தின் 28 கடைகளில், சான் பிரான்சிஸ்கோவிலும் சிகாகோவிலும், 2015-16-இல் ஓர் ஆய்வு நடந்தது. நடத்தியவர்கள் ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், நம் காதுக்குப் பழகிய பெயர் கொண்ட சரவணன் கேசவன். எல்லாக் கடைகளிலும் பட்டியல் இரண்டு வாரம் முன்னதாக வந்தது. அவற்றில் ஒரு பகுதிக் கடைகளில் மட்டும், ஷிப்ட் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் வாரத்துக்கு வாரம் தாவாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊழியர்கள் தங்களுக்குள் ஷிப்டை மாற்றிக்கொள்ளச் செல்போனில் வழி செய்து கொடுத்தார்கள். நேரம் நிலைப்பட்ட அந்தக் கடைகளில் விற்பனை சுமார் 7 சதவீதம் கூடியது. ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் விற்கும் அளவும் 5 சதவீதம் கூடியது. ஊழியர்களின் தூக்கமும் சீரானது. இந்த அவையில் இருக்கும் முதலாளிகள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஷிப்ட் குழப்பத்துக்குப் பெரிய காரணம் வாடிக்கையாளர் அல்ல என்று அந்த ஆய்வு கண்டது. சரக்கு லாரி வரும் நேரத்தை மாற்றுவது, சலுகை விளம்பரத்தைக் கடைசி நிமிடத்தில் மாற்றுவது, மேலதிகாரி திடீரென்று வருவது என்று தலைமை அலுவலகமே கிளப்பிவிட்ட குழப்பம்தான் அதிகம்.

பிள்ளைகள் பக்கத்தையும் பார்த்தவர்கள் உண்டு. டேனியல் ஷ்னைடர், கிறிஸ்டன் ஹார்க்னெட் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்கக் கடை, உணவக ஊழியர்களை ஆயிரக்கணக்கில் விசாரித்து வருகிறார்கள். நேரம் நிலையில்லாத வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளிடம் பதற்றமும் முரண்டும் கூடுதலாகத் தெரிகின்றன என்றும், அந்த வீடுகளில் அண்ணன் அக்காவின் பொறுப்பில் பிள்ளையை விட்டுப்போவது அதிகம் என்றும் அவர்கள் கண்டார்கள். மாம்பலத்தில் பார்த்த தாயின் அந்த நான்காம் வகுப்பு மகள் உலகமெங்கும் இருக்கிறாள்.

அங்கே இது ஆய்வோடு நிற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ 2014-இலும், சியாட்டில் 2016-இலும் சட்டம் போட்டன. ஓரிகன் மாநிலம் முழுவதுக்குமான சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் பட்டியலை முன்னதாகத் தர வேண்டும், கடைசி நேரத்தில் மாற்றினால் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். இரவு கடை அடைத்தவரையே மறுநாள் காலையில் கடை திறக்க வரச்சொல்வதற்கும் சியாட்டிலிலும் ஓரிகனிலும் கட்டுப்பாடு உண்டு. நடுவில் 10 மணி நேர ஓய்வு வேண்டும்.

அமெரிக்காவுக்குச் சரி, நம் ஊரில் நடக்குமா என்று சிலர் முணுமுணுப்பது மேடை வரைக்கும் கேட்கிறது. நாற்காலிக்கும் இப்படித்தான் சொன்னார்கள். ஜவுளிக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்பதை 2010-இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்து ஊரே கலங்கியது. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான பி. விஜி, மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களைத் திரட்டி, முதலில் கழிப்பறை கேட்டார், பிறகு உட்கார இடம் கேட்டார். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்றது. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் அந்தத் திருத்தம் வந்தது. வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்தைச் சட்டம் தாண்டி வந்தது. நாற்காலி போட்டதால் மூடிய கடை என்று ஒன்றையும் நாம் கேள்விப்படவில்லை.

திடீரென்று நான்கு பேர் லீவு போட்டால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அப்போது ஆள் மாற்றத்தான் வேண்டும். கேட்டு மாற்றலாம், முடியாது என்பவரின் சம்பளத்தில் கை வைக்காமல் மாற்றலாம், வருகிறவருக்குக் கூடுதலாகக் கொடுத்து மாற்றலாம். இரண்டே பேர் வேலை பார்க்கும் தெருமுனை மளிகைக் கடைக்கு இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் இந்த அணி சொல்லவில்லை. அங்கே, "அண்ணாச்சி, பாப்பாவுக்குக் காய்ச்சல், பதினோரு மணிக்கு வர்றேன்" என்று முகம் பார்த்துச் சொல்லலாம். பிள்ளை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பிஸ்கெட் தின்னவும் இடமுண்டு. ஐந்து மாடிக் கடையில் அந்த முகம் இல்லை. முகம் இல்லாத இடத்தில் தாளாவது இருக்க வேண்டும்.

இதுவரை 'தாய்' என்றே பேச்சு ஓடிவிட்டது. தகப்பனும் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறார், சாப்பாடு டெலிவரி செய்கிறார், இன்னொரு கடையில் செக்யூரிட்டியாக நிற்கிறார். மனைவியின் ஷிப்ட் இரண்டு வாரத்துக்குத் தெரிந்தால், அவள் காலையில் போகும் நாட்களில் அவர் சாயங்காலச் சவாரியை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையை அங்கன்வாடியில் விடுவது யார், கூட்டி வருவது யார் என்று இருவரும் உட்கார்ந்து பேசலாம். பட்டியல் இல்லாத வீட்டில் அந்தப் பேச்சே எழாது. கடைசி நேரத்தில் பாட்டியைத்தான் எழுப்புவார்கள்.

நடுவர் அவர்களே, அந்தத் தாளை அடுத்த ஆடிக்கு முன்னால் கடைகள் ஒட்டட்டும். தாம்பரம் வண்டிக்கு நிற்கும் பெண் அதைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவாள். பேத்தி உதவியோடு மாமியார் அதைப் பார்த்துக் காலண்டரில் பேனாவால் சுழிப்பார். மருமகளுக்கு வீக் ஆஃப் விழும் புதன்கிழமையைப் பார்த்துவைத்துக்கொண்டு, ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்ட கண்புரை ஆபரேஷனுக்கு அன்றைக்கே வருகிறேன் என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லிவிட்டு வருவார்.