வீட்டிலிருந்தே ஒரு விண்வெளி யாத்திரை

கண்ணை மூடிக்கொண்டு ஊர் சுற்றப் புறப்பட்டேன் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். ஆயினும் அண்மைக் காலத்தில் பலர் அவ்வாறுதான் புறப்படுகின்றனர். நாற்காலியில் அமர்ந்து, முத்துக் குளிப்பவரின் கண்ணாடியைப் போன்ற ஒரு கருவியைக் கண்ணை மறைக்குமாறு அணிந்துகொள்கின்றனர். மறுகணம் அவர்கள் ஒரு விண்கலத்தின் ஓட்டுநர் இருக்கையில் இருக்கின்றனர்!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நம் வலக் கண் காணும் காட்சியும் இடக் கண் காணும் காட்சியும் சற்றே வேறுபட்டவை. அவ்விரண்டையும் சேர்த்தே மூளை தொலைவை அறிகிறது. இக்கருவி ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிச் சித்திரத்தைக் காட்டுகிறது. தலையைத் திருப்பினால் சித்திரமும் அதற்கேற்ப மாறுகிறது. விநாடிக்கு 90 முறையளவில் புதுப்பிக்கப்படுவதால், படம் பார்க்கிறோம் என்ற நினைவே அகன்று, அங்கே இருக்கிறோம் என்ற உணர்வு வந்துவிடுகிறது.

இவ்வாறு செல்லத்தக்க மிகப் பெரிய இடங்களுள் ஒன்று ‘எலீட் டேஞ்சரஸ்’ என்னும் கணிப்பொறி விளையாட்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஃப்ரண்டியர் டெவலப்மெண்ட்ஸ் நிறுவனம் 2014ஆம் ஆண்டு டிசம்பரில் இதை வெளியிட்டது. இதன் முன்னோடியான ‘எலீட்’ 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இரு இளைஞர்களால் ஆக்கப்பட்டது. அதில் எட்டு மண்டலங்கள்; மண்டலத்துக்கு 256 உலகங்கள். புதியதிலோ நம் பால்வீதி முழுவதுமே உண்மை அளவில் அமைந்திருக்கிறது. 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள்! அவற்றுள் ஏறத்தாழ 1,60,000 மட்டுமே வானியலார் அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஏனையவற்றை, ஓரிடத்தில் எவ்வளவு பொருள் இருக்கும், அதன் வயது என்ன என்பன போன்ற கணக்குகளைக் கொண்டு கணிப்பொறியே படைக்கிறது.

இனிப் பயணத்துக்கு வருவோம். கலம் ஒரு விண்மீனிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும். நல்ல கலமாயின் ஒரு தாவலில் 50 ஒளியாண்டுகளைக் கடந்துவிடும். ஓர் ஒளியாண்டு என்பது சுமார் ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீட்டர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வளவு வேகமிருந்தும், நம் சூரியனிலிருந்து 65,279 ஒளியாண்டுத் தொலைவில், பால்வீதியின் மறுகரையில் உள்ள பீகிள் முனையை அடைய 1,300 தாவல்களுக்குமேல் வேண்டும். டார்வின் சென்ற கப்பலின் பெயரே அந்த முனைக்கு இடப்பட்டிருக்கிறது.

வழியில் எரிபொருளுக்கு விண்மீனின் அருகே பறந்து அதன் வாயுவை அள்ளிக்கொள்ள வேண்டும். எல்லா விண்மீனும் கொடுப்பதில்லை. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வானியலார் வகுத்த இனங்களே கொடுக்கும். பழுப்புக் குள்ளனிடம் சென்றவன் வெறுங்கையோடு நிற்பான். பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து மறந்த இவ்வரிசை, நடுவழியில் கலம் நின்றவனுக்கு ஆயுள் முழுதும் மறப்பதில்லை! அப்படி நின்றவர்களுக்கு உதவவும் ஒரு கூட்டத்தார் உண்டு. ‘எரிபொருள் எலிகள்’ என்று அவர்கள் தம்மை அழைத்துக்கொள்கின்றனர். ஊதியமின்றி, முன்பின் அறியாத ஒருவருக்காக மணிக்கணக்கில் பறந்து வருவார்கள்.

சலிப்பு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு; மறைப்பானேன்? நூறு விண்மீன்களில் தொண்ணூறு ஒன்றுபோலவே தோன்றும். பனி உருண்டைகளைக் கண்டு கண்டு கண் பூத்துப்போகும்.

ஆனால் அஞ்சத்தக்கது சலிப்பன்று. கண்ட உலகங்களின் குறிப்புகளை ஒரு விண்துறைமுகத்தில் ஒப்படைத்தால்தான், முதலில் கண்டவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் பதியும். அதற்குமுன் கலம் அழிந்தால் கலம் திரும்பக் கிடைக்கும், குறிப்புகள் கிடைக்கமாட்டா. எனக்கே அது நேர்ந்தது. மூன்று வாரம் சென்றபின், யாரும் காணாத செந்நிறக் கிரகம் ஒன்றில் இறங்க முற்பட்டேன். ஈர்ப்பு விசை நம் பூமியினதைப்போல் பன்மடங்கு என்று எதிரே எழுதியிருந்தது. அழகில் மயங்கிக் கவனிக்கவில்லை. தரை மேலே பாய்ந்து வந்தது. கண்ணாடியைக் கழற்றியபோது என் உள்ளங்கைகள் வேர்த்திருந்தன. நாற்காலியை விட்டு நான் எழவே இல்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தனியே செல்வோர் இருக்க, கூட்டமாகச் செல்வோரும் உண்டு. 2019 ஜனவரியில் பீகிள் முனையை நோக்கிப் புறப்பட்ட ‘டிஸ்டண்ட் வேர்ல்ட்ஸ்’ இரண்டாம் பயணத்தில் 13,000க்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். செல்லும் வழியில் கனிமங்களைத் திரட்டி, பால்வீதியின் நடுவிலுள்ள பெருங்கருந்துளைக்கு அருகே ஒரு விண்நிலையம் எழுவதற்கும் காரணமாயினர். பின்வருவோர் இளைப்பாற ஒரு சத்திரம்போல் அது நிற்கிறது.

கணிப்பொறி படைத்த உலகைக் கண்டது கண்டுபிடிப்பு ஆகுமா என்று அறிஞர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2017 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் மங்கிய விண்மீனை ஏழு கிரகங்கள் சுற்றுவதாக நாசா அறிவித்தது. விளையாட்டில் அதே பகுதியில், ஏழு கிரகங்களோடு ஒரு மங்கிய விண்மீனைக் கணிப்பொறி முன்னமே படைத்து வைத்திருந்தது! இதைத் தீர்க்கதரிசனம் என்று நான் சொல்லமாட்டேன். தற்செயலுக்கும் இதில் பங்குண்டு. எனினும் கணக்கு சரியான வழியில்தான் சென்றிருக்கிறது.

விளையாட்டு வெளிவந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், எல்லோரும் சேர்ந்து கண்டது பால்வீதியில் 0.042 விழுக்காடுதான். அதே வேகத்தில் சென்றால் முழுவதையும் காணப் பன்னீராயிரம் ஆண்டுகள் ஆகும். ஆகவே, என் செந்நிறக் கிரகம் எனக்காகக் காத்திருக்கும் என்று நம்பி, சில திங்கள் கழித்து மீண்டும் அங்கே போனேன். முதலில் கண்டவர் என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது.